பூப்பெட்டியில் போன பால்

இலக்கியாவின் பாலைக் கடலூருக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தினமும் காலையில் அந்த வழியாகப் போகிறவள் நான், அவ்வளவுதான். கடலூரில் ஒரு கூரியர் ஆபீசில் எனக்கு வேலை. சாயங்காலம் சிதம்பரத்துக்குத் திரும்பி, கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் டேலி கணக்கு வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, கொள்ளிடக் கரையோரம் இருக்கும் எங்கள் ஊருக்கு டவுன் பஸ்ஸில் வந்து சேருவேன்.

அடுத்த வீடு தேவநாதன் மாமாவுடையது. மாமாவுக்கும் ராஜாமணி அத்தைக்கும் மல்லித் தோட்டம்தான் பிழைப்பு. விடியுமுன் இறங்கி மொட்டாகவே பறித்துவிடுவார்கள். வெயில் ஏறினால் மொட்டு இளகிவிடும். பறித்ததைத் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் துண்டுகளோடு அடுக்கி, டேப் ஒட்டி, கடலூர் மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் மாமா. மீதியை அத்தை கட்டி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் விற்பாள். அந்த வீட்டில் பாய், தலையணை, சோற்றுப்பானையின் மூடி என்று எல்லாவற்றிலும் மல்லி வாசம் ஏறியிருக்கும். அவர்களுக்கு அது தெரியாது. வெளியிலிருந்து போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இலக்கியா அவர்களுடைய ஒரே மகள். அவள் கணவன் கதிர்வேலுக்குக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வந்திருந்தார்கள். கணவன் வீட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து என்று கடலூருக்குப் போன இடத்தில், எட்டாம் மாதமே வலி எடுத்துவிட்டது. அங்கேயே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கில் குழாய் போட்டார்கள்.

அந்த வார்டில் ரேகா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். பால் கொடுக்கத் தாய்மார்களுக்குச் சொல்லித் தருவதுதான் அவளுடைய வேலை. குழந்தைக்கு வாயால் இழுத்துக் குடிக்கத் தெம்பு வரும்வரை, தாய் கையால் கறந்து கொடுக்க வேண்டும், அதை மூக்குக் குழாய் வழியாக விடுவார்கள். விரலை எங்கே வைப்பது, எப்படி அழுத்துவது என்று இலக்கியாவுக்கு அவள்தான் பழக்கினாள். முதலில் வந்தது மஞ்சளாக, பிசின் போல, சில சொட்டு. அதைக்கூட ஊசிக் குழலில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போனாள் ரேகா. "நீங்க இங்கேர்ந்து போறப்ப பாப்பா ஒங்க நெஞ்சுல வாய் வெச்சுக் குடிச்சிட்டுத்தான் போவணும்" என்று அவள் சொன்னதை இலக்கியா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் தாய்மார்கள் தங்கும் கூடத்தில் இடம் இல்லை. நடையில் பாய் போட்டுப் படுத்தவளுக்குத் தையல் பிரிந்து சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. கதிர்வேல் வீடு ஒற்றை அறை. அதனால் அத்தை மகளை ஊருக்கே கொண்டுவந்துவிட்டாள். மூன்று மணி நேரத்துக்கொரு தடவை கறந்து, குளிர்ச்சியில் வைத்து, காலையில் அனுப்பிவிட வேண்டும் என்பது ரேகாவோடு பேசிக்கொண்ட ஏற்பாடு.

எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் பால் புட்டிகள் இருந்தன. பூப்பெட்டிகளில் சின்னதாக ஒன்றை எடுத்து, ஐஸ் போட்டு, அதில் புட்டிகளை வைத்து அத்தை என்னிடம் கொடுப்பாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறினால், பெட்டியை மடியில்தான் வைத்திருப்பேன். கண்டக்டர் பொன்னுரங்கத்துக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "பால்காரம்மா ஏறிட்டாங்களா? இஞ்சின் பக்கம் ஒக்காராத பாப்பா, சூடு" என்று பின்பக்கம் இடம் பிடித்துக் கொடுப்பார். ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் நெருங்கும்போது எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். முட்டை அழுகியது போலவும் மருந்து போலவும் ஒரு நெடி. மடியிலிருந்து மட்டும் மல்லி வாசம் வரும். எவ்வளவு கழுவினாலும் பெட்டியை விட்டு அது போகவில்லை. புட்டியை வாங்கும்போது ரேகா சிரிப்பாள். "ஒங்க ஊரு மாடு பூவத்தான் தின்னுதா?" என்று கேட்டாள் ஒரு நாள். அதை நான் வந்து சொன்னபோது இலக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்றாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பால் நன்றாகவே சுரந்தது. இன்னும் ஊறட்டும் என்று மாமா பரங்கிப்பேட்டைக்குப் போய்ப் பால்சுறா மீன் வாங்கிவருவார். அத்தை அதை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு செய்வாள். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். அறையை மூடிக்கொண்டு கறக்கும்போது, இலக்கியா கைப்பேசியில் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டே கறப்பாள். குழந்தையைப் பார்த்தால் பால் இறங்கும் என்று ரேகா சொல்லியிருந்தாள். படத்தில் குழந்தையின் முகம் தெரியாது. குழாய், பிளாஸ்திரி, கொஞ்சம் நெற்றி.

வைகாசி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் மத்தியானம் கதிர்வேல் போன் செய்தான். எடுத்தது அத்தை. குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது, தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அழுதுகொண்டே சொன்னவனுடைய போன் அணைந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை. மாமா சட்டையைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸுக்கு ஓடினார்.

இதெல்லாம் நடந்தபோது நான் கடலூரில் பார்சல்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போய்ப் பார்த்துவிட்டுச் சேதி சொல்லியிருப்பேன். அவர்களுக்கு என் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து வரும்போது அத்தை வீட்டு வாசலில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுவதற்குச் சேதி வரட்டும் என்று காத்திருப்பது போல இருந்தது. அத்தை பம்படியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டா போலக்குது சத்யா" என்றாள். "இலக்கியாவோட மாமியாக்காரி போன் பண்ணா. டாக்டரு கையை விரிச்சுட்டாராம். இன்னிக்கோ நாளைக்கோன்னாங்களாம்."

இலக்கியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"மாரு கல்லாட்டம் கட்டிக்கிச்சு. தொட முடியல. காச்சல் வேற. பூ கட்டியிருக்கேன்."

எனக்கு உடனே புரியவில்லை. உள்ளே போனதும் புரிந்தது. மல்லிச் சரத்தை மார்பின்மேல் சுற்றி வைத்து, மேலே பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பிள்ளை தங்காமல் போன தாய்மாருக்குப் பால் வற்றுவதற்காக எங்கள் பக்கம் செய்கிற வைத்தியம் அது. இலக்கியாவுக்கு முன்னால் பிறந்த ஆண் குழந்தை இறந்தபோது அத்தைக்கும் அப்படித்தான் கட்டினார்களாம். பூ இல்லாத வீடாக இருந்தால் தேடி வாங்கி வருவதற்குள் நாலு பேர் நாலு யோசனை சொல்லியிருப்பார்கள். அந்த வீட்டில் கூடை கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

இலக்கியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

குழந்தை சாகவில்லை. மறுநாள் காலையில் மாமா யாருடைய போனிலிருந்தோ பேசினார். மூச்சு திரும்பிவிட்டது, ஆனால் மெஷின் வைத்திருக்கிறார்கள், எதையும் சொல்ல முடியாது என்கிறார்கள் என்றார். உள்ளே விடவில்லை என்று அன்று மாலையே அவரும் திரும்பிவிட்டார். அந்தச் சேதியை அந்த வீடு நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை அழத் தயாராகிவிட்டவர்களுக்கு மறுபடி நம்புவது கஷ்டமாக இருந்திருக்கும். பூ வாடியதும் எடுத்துவிட்டுப் புதுச் சரம் வைத்தார்கள். காலையில் வழக்கம்போல நான் போய் நின்றால், பெட்டி இல்லை என்று அத்தை தலையை மட்டும் ஆட்டுவாள். பஸ்ஸில் பொன்னுரங்கம் என் காலி மடியைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். அவரும் என்னவோ நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டிப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஐந்தாறு நாள் கழித்துத்தான் வார்டிலிருந்து போன் வந்தது. பேசியது ரேகா. குழந்தை தேறிவிட்டது, மெஷினை எடுத்துவிட்டார்கள், பால் வங்கியில் வேறு தாய்மார்கள் கொடுத்த பாலை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அதுவும் குறைவாகத்தான் இருக்கிறது, இனி வாய் வைத்துப் பழக்கலாம், அம்மா எங்கே போனார்கள் என்று கேட்டிருக்கிறாள். அத்தை போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாளாம். மறுநாள் விடியலில் பூ பறிக்கக்கூட யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்துபோயிற்று.

லீவு சொல்லிவிட்டு நானும் அவர்களோடு போனேன். ரேகா திரைக்குப் பின்னால் இலக்கியாவை உட்கார வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். வெகுநேரம் அழுத்தினாள். நுனியில் ஈரம் போல ஏதோ தெரிந்தது. அதைச் சொட்டு என்றுகூடச் சொல்ல முடியாது.

"கறக்கறத எப்ப வுட்டீங்க? மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

இலக்கியா வாய் திறக்குமுன் அத்தை சொல்லிவிட்டாள். "நான்தாம்மா பூ கட்டுனேன். பாப்பா போயிடுச்சுன்னு சொன்னாங்க. கட்டிட்டேன்."

ரேகா திட்டவில்லை. பூவினால் எவ்வளவு, கறக்காமல் விட்டதினால் எவ்வளவு, பயத்தினால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், எடுக்காமல் விட்டால் உடம்பு போதும் என்று நிறுத்திக்கொள்ளும். திரும்பவும் வரவைக்கப் பார்க்கலாம், சிலருக்கு முழுசாக வரும், சிலருக்குக் கொஞ்சம் வரும், வராமலும் போகும் என்று ஒளிக்காமல் சொன்னாள். சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. ஆனால் "வராமலும் போகும்" என்று சொன்னது நிச்சயம். இலக்கியாவின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் அது இறுகியது.

திரைக்கு வெளியே கதிர்வேலும் அவன் அம்மா இருசம்மாளும் நின்றிருந்தார்கள். துணித்திரை, எல்லாம் கேட்டிருக்கிறது. நாங்கள் வெளியே வந்ததும் இருசம்மாள் அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்த பொண்ணுக்கு எவளாச்சும் பூ கட்டுவாளா? பூ விக்கிறவ புத்தி பூவுலயேதான் போவும். எம் பேத்தி கெடந்து கத்துது, நீ சொகமா கட்டி வுட்டுட்டு வந்து நிக்கிற."

"நீங்கதான சம்பந்தி, டாக்டரு கையை விரிச்சுட்டாருன்னு..." என்று மாமா ஆரம்பித்தார். அத்தை அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். கதிர்வேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நின்றான். அதன் பிறகு அவன் அத்தையோடு பேசவில்லை.

அன்றிலிருந்து இலக்கியா அந்த வார்டை விட்டு நகரவில்லை. குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பாள். தவளைக்குஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பது போலக் குழந்தை ஒட்டியிருக்கும். ரேகா நூல் போன்ற ஒரு குழாயின் ஒரு முனையைக் கிண்ணத்துப் பாலிலும் மறுமுனையைக் காம்பின் பக்கத்திலும் வைத்து ஒட்டுவாள். குழந்தை சப்பினால் குழாய் வழியாகப் பால் வரும். வேறு யாரோ ஒரு தாயின் பால். அம்மாவின் மார்பைத்தான் குடிக்கிறோம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும், மார்புக்கும் குழந்தை கேட்கிறது என்று தெரியும். பெரும்பாலும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிப்போகும். உள்ளங்காலைச் சுண்டி எழுப்புவார்கள். பிறகு கறப்பது, மறுபடி நெஞ்சில் போடுவது. வேலை முடிந்து பஸ் ஏறுமுன் நான் எட்டிப் பார்ப்பேன். எந்நேரமும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள். வகுப்பில் பாதி நாள் நான் என்ன படித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அத்தை வார்டுக்குள் வருவதில்லை. இருசம்மாள் இருக்கிறாள் என்பதால் வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். புட்டுத் தூக்கை என்னிடம் கொடுத்தனுப்புவாள். கை மணக்கும் என்று சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டு வந்திருப்பாள். தலையில் பூ இல்லை. பூக்காரி ராஜாமணியைத் தலையில் பூ இல்லாமல் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் இலக்கியா கீழே இறங்கி வந்தாள். நான் தூக்கைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு, குனியாமல், நின்றபடியே பேசினாள்.

"அவருகிட்ட சொல்லப்போறேன்ம்மா."

"இன்னாத்த?"

"நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான் கூடையில கைய வுட்டு எடுத்தேன். நான்தான கட்டச் சொன்னேன்."

அத்தை சுற்றிலும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் நகர்ந்துவிடலாமா என்று யோசித்தேன். நகரவில்லை.

"வாய மூடுடி. நீ அந்த வூட்ல காலத்துக்கும் வாழணும். எனக்கு இன்னா, நாலு பேச்சு கேட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன். என்னைப் பேசுனா பேசிட்டுப் போறாங்க."

"பால் சொரக்கச் சொரக்க அவ இன்னும் இருக்கான்னே தோணிச்சும்மா. என்னால தாங்க முடியல. நிறுத்துனா போதும்னு இருந்துச்சு." இலக்கியா அழவில்லை. "அவ செத்துட்டான்னு மொதல்ல நம்புனது நான்தான்."

"புள்ள முழிச்சிருக்கும். மேல போ" என்றாள் அத்தை.

இலக்கியா படியேறிப் போனாள். அத்தை தூக்கைத் திறந்து பார்த்து, பாதிப் புட்டு மீதி இருக்கிறதே, அவள் சாப்பிடவில்லையா என்று என்னிடம் கேட்டாள்.

பால் வந்தது. வராமல் இல்லை. ஆனால் குழந்தையின் பசிக்குக் கால்பங்கு என்றுதான் ரேகா கணக்குச் சொன்னாள். அதற்குமேல் ஏறவில்லை. எடை கூடியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நாளில், குழாய் எதுவும் இல்லாமல், குழந்தை இலக்கியாவின் மார்பில் வாய் வைத்து இழுத்தது. ரேகா சொன்னபடியே நடந்தது. அது விட்டதும் இருசம்மாள் டின் பாலைக் கரைத்துப் பாலாடைக் கிண்ணத்தில் எடுத்து, அதன் மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்துப் புகட்டினாள். குழந்தை அதையும் குடித்தது. இலக்கியா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள்.

குழந்தை கதிர்வேல் வீட்டுக்குத்தான் போயிற்று. அத்தை அங்கே வரக்கூடாது என்று இருசம்மாள் சொல்லியிருந்தாள். அதனால் பெட்டி மறுபடி என் மடிக்கு வந்தது. இப்போது அதில் பால்சுறாப் புட்டு போயிற்று. வெக்கையில் கெட்டுவிடும் என்று ஐஸ் போட்டுத்தான் கொடுப்பாள் அத்தை. "மறுபடி பால்காரம்மாவா?" என்றார் பொன்னுரங்கம். இல்லை, தாய்க்குப் பால்சுறா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப புள்ள பொழச்சிக்கிச்சா" என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். கதிர்வேல் ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். காற்று சிப்காட் பக்கமிருந்து அடித்ததால் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். இலக்கியா தரையில் சுவரில் சாய்ந்து குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டின் பால் கரைத்த கிண்ணம் தயாராக இருந்தது. நான் பெட்டியைத் திறந்ததும் இருசம்மாள் மூக்கைச் சுருக்கினாள்.

"ஒங்கத்தைகிட்ட சொல்லு, வேற பெட்டில அனுப்பச் சொல்லி. இந்தப் பூ நாத்தம் இந்த வூட்டுக்குள்ளயே வரக் கூடாது. புள்ள வாயில இருந்தத புடுங்கனது பத்தாதா?"

அத்தை கழுவித்தான் அனுப்புகிறாள், வாசம் போகவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இலக்கியா பேசினாள். குரல் உயரவில்லை. குழந்தை வாயை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு மெதுவாகப் பேசினாளோ என்னவோ.

"அத்த, எங்கம்மா கட்டல. நான்தான் கட்டிக்கிட்டேன். அம்மா தடுத்துச்சு. நான் கேக்கல."

இருசம்மாள் மகனைப் பார்த்தாள். கதிர்வேல் ஒரு காலில் ஷூவோடு அப்படியே இருந்தான். பிறகு மற்றதையும் மாட்டினான். கயிற்றைக் கட்டினான். கதவைத் திறந்தபோது நெடி உள்ளே வந்தது. "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். இருசம்மாள் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போய்ப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

குழந்தை இழுத்துக்கொண்டே இருந்தது. பால் வருகிறதா, சும்மா சப்புகிறதா என்று எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. இலக்கியா ஒற்றைக் கையால் புட்டை அள்ளி முழுவதும் தின்றாள். பெட்டியை என் பக்கம் தள்ளுமுன் அதற்குள் ஒரு தடவை முகத்தை வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லு, பெட்டியக் கழுவ வேணாம்னு."

ஊருக்கு வந்து அத்தையிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவள் பூ கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அல்ல, தெருவோரம், வெயில் சாய்ந்த இடத்தில். அங்கே நடந்ததை எல்லாம் சொன்னேன். கழுவ வேண்டாம் என்றதையும் சொன்னேன். அத்தை நாரை விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டாள்.

"எதுக்குச் சொன்னா? இனிமே அவள இல்ல பேசுவாங்க" என்றாள். ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, "புள்ள இழுக்குதா?" என்று கேட்டாள்.

இழுக்கிறது என்றேன்.

அத்தை சரத்தைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பம்படிக்குப் போய், சீயக்காயைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.